முதலாவது என்று சொன்னேன்

இதை இடப்பக்கம் சரிந்து படுத்தபடி ஃபோனில் பெருவிரலால் எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளைக்கு இன்றோடு முப்பத்தொரு கிழமை, முப்பத்தொரு வாரம், முடிகிறது. முப்பத்தேழு வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஆறு கிழமை. பத்தாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள் நான். இந்தக் கழித்தலுக்கு விரல் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் விரல்விட்டுத்தான் எண்ணுகிறேன்.

நடுமாதங்களில் உடம்பு என்னென்ன செய்யும் என்று எங்கோ ஒருத்தி தனியாக இருந்து தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தேடினேன். எல்லாரும் "அது அப்படித்தான்" என்றார்கள். தொண்ணூறு வீதம் அது அப்படித்தான். மிச்சப் பத்து வீதத்துக்குத்தான் நான் ஏழு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

முதலில் என்னைப் பற்றி. என் வீடு குருமண்வெளித் துறைக்குக் கிட்ட. பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில். காலையும் மாலையும் 'பாதை' ஏறித்தான் போய்வர வேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மீன்கூடைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். கணவர் ரவி கட்டாரில் குளிரூட்டி திருத்துகிறார். இரண்டு மாத லீவில் வந்து போனார். அவர் போய் மூன்றாம் கிழமை எனக்கு நாள் தள்ளியது தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அம்மாவின் வீடு மகளுக்கு வரும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பிள்ளைப்பேறு பார்ப்பது பெண்ணின் தாயுடைய வேலை. மாப்பிள்ளையின் தாய் ஏதாவது பலகாரத்தோடு வருவார், பார்ப்பார், இருட்டுமுன் திரும்பிவிடுவார். அதுதான் மரியாதை. நல்ல ஏற்பாடுதான், தாய் இருக்கிறவர்களுக்கு. என் அம்மா இறந்து மூன்று வருசம். அப்பா அதற்கும் முன்னமே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதனால் நான் யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிட்டேன். வெல்லாவெளியில் மகள் வீட்டோடு இருக்கும் மாமி, ரவியின் தாய், மாதம் ஒரு முறை வந்து போவார். வந்தால் கதிரையின் நுனியில்தான் உட்காருவார்.

நாலாம் மாதத்தோடு சத்தி எடுப்பது நின்றது. ஒரு கிழமை சந்தோசமாக இருந்தேன். பிறகு உடம்பு தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. பல் துலக்கினால் முரசில், பல் ஈறில், இரத்தம். காலையில் மூக்கைச் சீறினால் அதிலும் இரத்தம். தொப்புளுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு, யாரோ அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி அவ்வளவு நேராக. கழுத்து கறுத்தது. கால் வீங்கி என் செருப்புக்குள் போக மறுத்ததால் ரவி விட்டுப்போன செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "சேர்ட செருப்பா டீச்சர்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஓம், சேர் வரவில்லை, செருப்பாவது கூட வரட்டும் என்றேன்.

சாறியை வயிற்றுக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்பதில் பள்ளிக்கூடத்து ஓய்வறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நான் கவுணுக்கு மாறி இரண்டு கட்சியையும் ஏமாற்றினேன். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தத்தின் அளவு கூடுவதால் இருதயம் கூடுதலாக வேலை செய்கிறது என்று எங்கள் பகுதிக் குடும்பநல மிட்வைஃப் சொன்னார். நெஞ்செரிவு, குதிகால் தசைப்பிடிப்பு, வயிற்றுத் தோல் இழுபட்டு வரும் அரிப்பு, அடிவயிற்றில் ஒரு பக்கம் சுளீரென்று இழுப்பது, எல்லாம் வழமையானவை. கருப்பையைத் தாங்குகிற நார்கள் நீளுவதால் அந்த இழுப்பு வருமாம். கேட்கக் கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கதைக்க ஒரு மனிசர் இல்லை.

பிள்ளையின் முதல் அசைவை நான் பாதையில் வைத்துத்தான் உணர்ந்தேன். பதினேழாவது கிழமை. வலைக்குள் சின்ன இறால் ஒன்று துள்ளின மாதிரி ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று. என்னைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ரவிக்கு எடுத்தேன், வேலையில் நின்றார், எடுக்கவில்லை. மறுகரை வந்ததும் இறங்கி, வகுப்புக்குப் போய், இருபடிச் சமன்பாடு படிப்பித்தேன்.

அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொன்னபோது அவர் கொப்பியில் எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தினார்.

"பதினேழிலயா? முதல் புள்ளைக்கு இவ்வளவு வெள்ளனத் தெரியாதே. இருபது ஆகும். ரெண்டாவதுக்காரிகளுக்குத்தான் கெதியாத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சிது மிஸ்."

"டீச்சர்மாருக்கு எல்லாம் வெள்ளன விளங்கும் போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் அடுத்த கேள்வி கேட்க முன்னம் கொப்பியை வாங்கிக்கொண்டு எழும்பினேன்.

ஏனென்றால் அது முதலாவது இல்லை.

எனக்கு முதல் நியமனம் மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. கல்யாணம் முடித்த கையோடு போனேன். அங்கே அறை எடுத்து இருந்தபோதுதான் முதல் பிள்ளை வயிற்றில் நின்றது. பத்தொன்பதாவது கிழமை ஒரு பின்னேரம் இடுப்புக் கனத்தது. பக்கத்து அறை டீச்சர் என்னைச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பார்க்கப்போகிறாயா என்று தாதி கேட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு இடமாற்றம் எடுத்து ஊருக்கு வந்தேன். அந்தப் பாடசாலைக்கு வெளியே இந்த விசயம் தெரிந்தவர்கள் ரவியும் மாமியும் மட்டும்தான்.

இந்த முறை நாள் தள்ளியது தெரிந்தவுடன் மாமி வந்தார். கதிரை நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, போனதப் பத்திக் கிளினிக்கில வாயத் துறக்காத. வயித்தில இரிக்கிறது எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இரிக்கும். போனதக் கதைச்சா அதுக்கும் வழியக் காட்டினமாதிரி. இது முதலாவதெண்டே சொல்லு."

விஞ்ஞானப் பட்டதாரி நான். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறவள். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் பயந்தவளுக்கு விஞ்ஞானமும் ஒன்று, நாவூறும் ஒன்று. சொன்னால் பலிக்குமோ என்று பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய உண்மை, சொல்லாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. மாமியின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. மிட்வைஃப் கர்ப்பவதிப் பதிவேட்டைத் திறந்து "எத்தனையாவது?" என்று கேட்டபோது வாயைத் திறந்து "முதலாவது" என்று சொன்னது நான்தான்.

இருபத்தோராவது கிழமை. பிள்ளையின் அங்கங்களைப் பார்க்கிற ஸ்கானுக்கு மட்டக்களப்புக்குப் போனேன். அதற்கு முந்தின நாலைந்து நாளாக அடியில் ஒரு பாரம் இருந்தது. நிற்கும்போது ஏதோ கீழே அழுத்துவது போல. தண்ணீர் போலக் கொஞ்சம் வெளியேறவும் செய்தது. முரசு இரத்தத்தை ஊருக்கெல்லாம் சொன்ன நான் இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்தப் பாரத்தை எனக்கு ஏற்கனவே தெரியும் என்பதால்தான் சொல்லவில்லை.

ஸ்கான் செய்த டொக்டர் பிள்ளையின் முள்ளந்தண்டு, இருதயம், சிறுநீரகம் எல்லாம் காட்டினார். எல்லாம் நல்லது. பிறகு ஒரே இடத்தில் கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார். கருப்பையின் வாய் கட்டையாகியிருக்கிறது என்றார். கருப்பையின் அடியில் கழுத்துப் போல ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளை வளரும்வரைக்கும் அது நீளமாக, இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். எனக்கு அது பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. முழுதாகத் திறந்தால் பிள்ளை வந்துவிடும். இருபத்தொரு கிழமையில் வந்த பிள்ளையைக் காப்பாற்ற வழியில்லை. என்னை நடக்கவே விடவில்லை, சக்கர நாற்காலியில் வாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் பெரிய டொக்டர் வந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"முதல் பிள்ளைதானே அம்மா? இதுக்கு முந்தி ஏதும் கலைஞ்சதா?"

"இல்ல டொக்டர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்த மனம் வரவில்லை. அப்படியென்றால் மருந்து வைத்துப் பார்ப்போம் என்றார். புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் குளிசை. கருப்பையை அமைதியாக வைத்திருக்கும். வாயால் விழுங்குவதில்லை, கீழே வைக்க வேண்டும். நாலு நாளில் திரும்ப ஸ்கான்.

அந்த நாலு நாளை எப்படிச் சொல்வது? வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பார்ப்பவர்களுக்கு நான் சும்மா படுத்திருக்கிற பொம்பிளை. பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். கூடைகளும் ஃபிளாஸ்க்குகளும் அம்மாமாரும் புருசன்மாரும் ஒரே இரைச்சலாக உள்ளே வருவார்கள். நான் அந்த ஒரு மணித்தியாலமும் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போல நடிப்பேன். பாவம் பார்த்து யாராவது சோறு நீட்டிவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாள் நீட்டவும் செய்தார்கள். இறால் சொதி. வாங்கித் தின்றேன், நல்ல ருசி, தின்றுகொண்டே அழுகை வந்தது. மாமிக்கு நான் இன்னும் அறிவிக்கவில்லை. ரவியிடம் "சும்மா ரெஸ்டுக்கு மறிச்சிருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர்ப் பெண் ஒருத்தி. பெயர் பரீனா. அவளுக்குக் கர்ப்ப காலத்துச் சீனி. ஆறாம் மாதமளவில் எல்லாருக்கும் இனிப்புத் தண்ணீர் குடிக்கத் தந்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அந்தச் சோதனையில் பிடிபட்டது. நாளுக்கு நாலு தரம் விரலில் குத்திப் பார்த்து இன்சுலின் போட்டார்கள். ஒவ்வொரு தாதியும் மாறி வரும்போது எத்தனையாவது பிள்ளை என்று கேட்பார். பரீனா ஒரே மாதிரிப் பதில் சொல்வாள்.

"ஆறாவது மிஸ். மூணு கையில இரிக்கி. ரெண்டு அல்லாஹ்ட்ட இரிக்கி. இது ஒண்டு."

சந்தைக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்கிற குரலில் சொல்வாள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"போனதக் கதைச்சா வயித்தில இரிக்கிறதுக்குக் கூடாதெண்டு சொல்லுவாங்களே?" என்று கேட்டேன்.

"ஆரு சொன்ன?"

"ஊரில சொல்லுவாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். பஞ்சால் விரலை அமத்திக்கொண்டே சொன்னாள்.

"டீச்சர், சுமந்தது நான்தானே. நானே கணக்கில வெட்டிப்போட்டா மறுகா ஆரு அதுகளச் சேக்கிற? அதுகள்தான் நாளைக்கு எங்கட கையப் புடிச்சிச் சொர்க்கத்துக்குக் கூட்டிப்போகும்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. விளங்காமல் இருந்திருக்காது.

நாலாம் நாள் காலை ஸ்கானில் வாய் இன்னும் சுருங்கியிருந்தது. உட்பக்கத்தால் திறக்கவும் தொடங்கியிருந்தது. பத்து மணிக்குப் பெரிய டொக்டர் ஏழெட்டு மாணவர்களோடு வந்தார். மருந்தை இன்னும் மூன்று நாள் பார்ப்போமா என்று சின்ன டொக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் என்ற சொல் என் காதில் விழுந்தது. போன தடவை எனக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டொக்டர், இது முதலாவது இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீங்க கேட்டநேரம் பொய் சொல்லிட்டன். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒண்டு போனது. பத்தொன்பது கிழமையில."

சின்ன டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய டொக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கட்டில் பக்கத்தில் குனிந்தார்.

"வலி எப்படி இருந்தது?"

"வலியே இல்ல டொக்டர். இடுப்புக் கனத்திச்சு. அவ்வளவுதான். வலியில்லாமத்தான் போனது."

"அதுதான் அம்மா விசயம்" என்றார். "வலி வந்து வாய் திறந்தால் அது வேற காரணம். வலி வராமலே திறந்தால் வாய்க்குப் பலமில்லை என்று அர்த்தம். இதைச் சொல்லியிருந்தால் மூன்றாம் மாதம் முடியும்போதே தையல் போட்டிருப்பம்."

இரண்டு வருசமாக எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். பாவம் அந்தப் பிள்ளை, என்னைக் கஷ்டப்படுத்தாமல் போய்விட்டது என்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று எத்தனை நாள் நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த வலியில்லாததுதான் வருத்தமாம், நோயாம். போர்வையை வாயில் வைத்து அமத்திக்கொண்டேன்.

அன்றைக்கே தையல் என்று முடிவாயிற்று. நெல் மூட்டையின் வாயைச் சணலால் இழுத்துக் கட்டுவது போலக் கருப்பை வாயைச் சுற்றி ஒரு கனத்த நூலைக் கோத்து இறுக்குவார்கள். இவ்வளவு பிந்திப் போடும்போது நீர்க்குடம் உடையவும் கூடும், உடைந்தால் அத்தோடு முடிந்தது. போடாவிட்டால் இந்தக் கிழமை தாண்டுவது கஷ்டம். சின்ன டொக்டர் இரண்டையும் ஒளிக்காமல் சொல்லி, ஒப்பமிடத் தாளை நீட்டினார். "யாராவது வீட்டாக்கள் இருக்கிறாங்களா?" என்று கேட்டார். ரவிக்கு மூன்று தரம் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நானே ஒப்பமிட்டேன்.

சத்திரசிகிச்சை அறையில் ஐஸ் போலக் குளிர். வயிற்றைக் கட்டிப்பிடித்துக் குனிந்து உட்கார வேண்டும், முதுகில் ஊசி. குனிய வயிறு விடவில்லை. தமிழ் அவ்வளவாகத் தெரியாத ஒரு தாதி முன்னால் நின்று என் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "பயம் வேணாம், பயம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலைந்து மாதத்தில் ஒருவர் என்னைத் தொட்டுப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பெரிய டொக்டர் இரண்டே சொல் சொன்னார்: "உடையவில்லை. முடிஞ்சுது."

அன்று ஆறு மணிக்கு ரவி எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கட் போடவா என்று கேட்டார். வேண்டாம், லீவைப் பிள்ளை பிறக்கும்போது எடுங்கள் என்றேன். சரி என்றார். ஆண்கள் சரி என்று சொல்லக் கூடாத இடங்கள் சில இருக்கின்றன. அது அவர்களுக்கு ஒருநாளும் பிடிபடப்போவதில்லை.

அவர்தான் மாமிக்கு அறிவித்திருக்கிறார். மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மாமி வந்து நின்றார். பாதை ஏறி, பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்து. அவரைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கிவந்தது.

"உங்கட பேச்சக் கேட்டுத்தான் மாமி நான் இப்பிடிக் கிடக்கன். சொல்லாத, சொல்லாதெண்டு. இப்ப பாருங்க."

பரீனாவின் உம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். மாமி ஃபிளாஸ்க்கைக் கழுவி, மேசையைத் துடைத்து, கொண்டுவந்த சோற்றைக் கட்டிலண்டை வைத்துவிட்டு மணி அடிக்க முன்னமே போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். நியாயமில்லாமல் பேசினேன் என்பது அவர் வாசலைத் தாண்டும்போதே உறைத்தது.

அடுத்த நாள் பன்னிரண்டுக்கு முதல் ஆளாக வந்தார். கையில் முருங்கையிலைச் சொதி.

"நான் உன்ட வீட்டிலதான் நிக்கன். திறப்ப அயல் வீட்டில வாங்கினன்" என்றார், நான் என்ன சொல்வேனோ என்ற மாதிரி. "வெல்லாவெளியில இருந்து நாளாந்தம் வாறதெண்டா கட்டுப்படியாகா. வட்டையில வெட்டு நடக்கிது, அத மகள் பாப்பாள்."

அறுவடைக் காலத்தில் வயலை விட்டுவிட்டு, மருமகளின் வீட்டைத் திறந்து குடியிருக்கிற மாமியாரைப் பற்றி ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் "சரி மாமி" என்றேன். மன்னிப்பு என்ற சொல் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை.

பிறகு ஆறு கிழமை. படுத்திருந்தாலும் உடம்பு மாறுவதை நிறுத்தவில்லை. வயிற்றில் ஊதாக் கோடுகள் வந்தன. மார்பில் மஞ்சளாய் ஒரு சொட்டுப் பால் கசிந்து என்னைப் பயமுறுத்தியது, அதுவும் அப்படித்தானாம். காலில் இரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான காலுறை. மலச்சிக்கல் வந்தால் முக்கக் கூடாது, தையல் இழுபடும். அதனால் நான் காலையில் மலம் கழித்துவிட்டேனா என்பது வாட்டு முழுக்கத் தெரிந்த செய்தியாயிற்று. இதில் வெட்கப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்கள் பகுதி மிட்வைஃப் ஒரு நாள் வந்து, பதிவேட்டில் "முதலாவது" என்பதைக் கோடிட்டுத் திருத்தினார். "எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். அந்த ஒரு வசனம் பெரிய டொக்டரின் எந்தப் பேச்சையும்விட என்னைச் சுட்டது.

பரீனா சீனி இறங்கி வீட்டுக்குப் போனாள். அவளுடைய கட்டிலுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையோடு போனார்கள். நான் அங்கேயே கிடந்தேன். பகலில் ஒரு மணித்தியாலம் மாமி, மிச்ச இருபத்துமூன்றும் நான். பிள்ளையின் அசைவை எண்ணி ஒரு கொப்பியில் எழுதினேன். யாரோடாவது கதைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இருபத்துநாலு, இருபத்தாறு, இருபத்தெட்டு. இருபத்தெட்டில் பெரிய டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். இனிப் பிறந்தாலும் சுவாசிக்க வைத்துக் காப்பாற்றலாம், வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாள், சின்ன டொக்டர் என் பழைய ஆஸ்பத்திரித் துண்டையும் கேட்டார். மலையகத்தில் தந்தது. அது என் அலுமாரியில், சான்றிதழ்க் கோவைக்குள் இருக்க வேண்டும் என்று மாமியிடம் சொல்லியிருந்தேன். தந்த நாளில் மடித்தபடியே உள்ளே வைத்தது, நான் ஒருநாளும் விரித்ததில்லை. மாமி அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சின்ன டொக்டர் விரித்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் முணுமுணுத்தபடி புதிய தாளில் எழுதினார்.

"பத்தொன்பது கிழமை. வலியில்லாத விரிவு. பெண் சிசு. இருநூற்றி நாற்பது கிராம்."

எழுதிக்கொண்டே போனார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் நான். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

"என்ன டொக்டர் வாசிச்ச நீங்க?" மாமி கேட்டார்.

"முந்தினது பெண் பிள்ளை அம்மா. அதத்தான் எழுதிறன்."

மாமி கட்டிலில் உட்கார்ந்தார். பார்வையாளர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது, அவர் வந்துபோன ஆறு கிழமையும் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. என் காலுறைக் காலில் கையை வைத்தார்.

"உன்ட வீட்டுக்கு வரவேண்டிய வீட்டுக்காரி வந்திட்டுப் போயிருக்காள் புள்ள" என்றார். "வா எண்டும் நாம சொல்லல்ல. போயிட்டு வா எண்டும் சொல்லல்ல."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் எழுந்து மாமியின் கையைப் பிடித்தேன். அத்தனை நாளும் அடக்கிவைத்த அழுகையை இரண்டு பேரும் வெளிச்சமான பன்னிரண்டு மணிக்கு, அவ்வளவு பார்வையாளர்களுக்கும் முன்னால் அழுதோம். அழுது முடித்துத்தான் ஆட்டோ பிடித்தோம்.